துணி கட்டிய தக்காளி

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

கிளினிக் இல்லாத நாள். விடிந்ததும் தக்காளிப் பாத்திக்குள் இறங்கிவிட்டேன். "கழுவாத முகத்தோட அதுகளிட்டப் போறாய். நான் தேத்தண்ணி கேட்டா மட்டும் முதல்ல முகத்தக் கழுவு எண்டுறாய்" என்று இவர் குசினி வாசலில் நின்று முறைப்பாடு வைத்தார். என் வீட்டுக்காரர் வினாயகமூர்த்தி கல்யாணமான நாளிலிருந்து தக்காளிகளோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த வருடம் நாலு சாதியும் நன்றாகக் காய்த்திருக்கின்றன. குருவித் தக்காளி வேலியெல்லாம் படர்ந்து சுண்டங்காய் அளவில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு. முட்டைத் தக்காளிக்குத் தோல் தடிப்பு; சுட்டுச் சம்பல் போட அதை விட்டால் வேறில்லை. மஞ்சள், என்னோடு வேலை செய்கிற காத்தான்குடி றபீக்கா தந்தது. பார்க்க நல்ல வடிவு, ருசி கொஞ்சம் மந்தம். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

கடைசியாகக் கொய்யகம். அந்தப் பெயர் நான் வைத்தது. சேலைக் கொய்யகம் போல மடிப்பு மடிப்பாக, தட்டையாக, ஒரு கைக்குள் அடங்காமல் இருக்கும். தோல் மெல்லிசு. சந்தைக்குக் கொண்டுபோனால் பஸ்ஸிலேயே வெடித்துவிடும், அதனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. மீன் ஆணம் காய்ச்சும்போது குழம்பில் ஒன்றைப் பிசைந்து விட்டால் புளியே தேவையில்லை. நான் மருத்துவமாதாகச் சேர்ந்த புதிதில், தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்ப் பார்த்த முதல் பிரசவத்துக்கு அந்தத் தாய் என் கையில் திணித்த பழம் அது. அதன் விதையைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தும் பார்த்தேன். ஒரு போகம் வைத்துத் தின்றுவிட்டு எல்லாரும் பைக்கற் விதைக்குப் போய்விட்டார்கள். இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நாலும் என் பிள்ளைகள்தான். ஆனால் செல்லம் அதுதான். மறைப்பானேன்?

வைகாசியில் பிரஷாந்திக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. பெற்றவர்கள் ஒதுங்கவேண்டும். வளவின் மூலையில் எங்களுக்கென்று இரண்டு அறை எழும்புகிறது. வீட்டைக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாத்தியும் வீட்டோடு போகிறது, அதுதான் பொறுக்கவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

கொய்யகத்தில் மிகத் திறமான செடியைப் பார்த்து அதில் மூன்று காய்களுக்குப் பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டினேன். இந்த வீட்டுச் சட்டம் இது: துணி கட்டிய பழம் விதைக்கு. பசித்தாலும் தொடக்கூடாது, விருந்து வந்தாலும் தொடக்கூடாது. சின்ன வயதில் பிரஷாந்தி துணியை அவிழ்த்து வேறு காய்க்குக் கட்டிவிட்டுத் தின்றாள். அடி வாங்கினாள்.

மே 20, திங்கள்

கல்யாணம் முடிந்தது. கால் இரண்டும் வீங்கிப்போய்க் கிடக்கிறேன். என் பிள்ளை வடிவாக இருந்தாள். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

மே 22, புதன்

இன்று பிள்ளைகள் கால்மாறிப் போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக மாப்பிள்ளை வீட்டுக்கு, பனிச்சங்கேணிக்கு. பலகாரம், பழம், மரக்கறி என்று கூடை கூடையாக வான் வண்டியில் ஏற்றினோம். அழுதேன். வான் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் மனதை ஆற்றப் பாத்திக்குப் போனேன்.

துணி மூன்றும் செடியில் தொங்குகிறது. பழம் இல்லை.

இவர் வேலையாம். "சம்மந்தி வீட்டுக்குத் திறமானதத்தானே அனுப்பவேணும்? துணியோட அனுப்பினா நல்லாயிருக்குமா, அதான் அவிழ்த்திட்டன்" என்கிறார். விளங்கித்தான் அவிழ்த்திருக்கிறார்! வான் ஓடும் தூரத்துக்கு அவை நசிந்து கூழாகியிருக்கும். நசியாவிட்டால் அங்கே சொதியாகியிருக்கும். நான் கட்டிக் காத்த மூன்று பழமும் யாரோ ஒருவருடைய பால்ச்சொதியில்.

இரவுச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

கடைசிச் செடியில் மிஞ்சிக் கிடந்த இரண்டு கோணல் பழத்தைப் பிழிந்தேன். சிரட்டையில் விட்டு நுரைத்த பிறகு கழுவி, கமுகம்பாளையில் காயவைத்து, அரித்த சாம்பலோடு கலந்து பெரிய பால்மா டின்னில் போட்டேன். மற்ற மூன்று சாதிக்கும் சின்ன டின்கள். நாலையும் பழைய குசினியில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாயிற்று. விதைக்குச் சாம்பலும் புகையும் வேண்டும், பூச்சி அண்டாது. எங்கள் புது வீட்டில் காஸ் அடுப்புத்தான், புகைக்கு எங்கே போவது? டின்கள் மகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

கோணல் பழத்து விதையானாலும் சாதி அதுதானே.

ஜூன் 9, ஞாயிறு

சம்மந்தியம்மா வந்தா. காய்ந்த இறால் கொண்டுவந்தா. கொக்கிஸ் பலகாரம் நன்றாக இருந்தது என்றா, வாழைப்பழம் இனிப்பு என்றா, பயற்றம் பணியாரத்தைக்கூட விடவில்லை. தக்காளியைப் பற்றி ஒரு மூச்சு இல்லை. நானும் இரண்டு தரம் கதையை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். மனுஷி வெளியே மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு எப்படி ஒரு ஆளால் சும்மா இருக்க முடிகிறது?

செப்டம்பர் 1, ஞாயிறு

குடிபுகுந்தோம். பால் பொங்கியது. சுவரில் சுண்ணாம்பு மணம். கதவைத் திறந்தால் என் வீடு எதிரே நிற்கிறது, மகளுடைய வீடாக.

செப்டம்பர் 15, ஞாயிறு

மருமகன் நிதுர்ஷன் நல்ல பிள்ளைதான். கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். ஆனால் என்னைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறார். எங்கள் பக்கம் மருமக்கள் கொஞ்சநாளைக்கு மாமியோடு நேரே கதைக்க வெட்கப்படுவார்கள், அது தெரிந்ததுதான். மருமகன் அதற்கும் மேலே. இன்று நான் முன்னாலேயே நிற்க, பிரஷாந்தியிடம் "மாமிக்குத் தேங்காய் வேணுமா எண்டு கேளுமன்" என்றார். அவள் கேட்டாள். நானும் அவளிடமே "வேண்டாமாம் எண்டு சொல்லு" என்றேன். என் வீட்டுக்காரர் கொல்லென்று சிரித்துவிட்டார்.

நவம்பர் 27, புதன்

வெள்ளம். எங்கள் புதுவீட்டுப் படி மூடிவிட்டது. பழைய வீடு மேட்டில் இருப்பதால் எல்லாரும் அங்கே. "காணி உறுதியும் அடையாள அட்டையும் எங்க?" என்று இவர் பதறுகிறார். "அது கிடக்கட்டும். பரணில டின் நாலும் இருக்கா எண்டு பாருங்க" என்றேன். இருந்தன. மருமகன் ஓரக்கண்ணால் பார்த்தார், இந்த வீட்டில் பெண் எடுத்தது சரிதானா என்று யோசித்திருப்பார். டின்னுக்குள் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 3

வேலிக் குருவித் தக்காளி, பாத்திச் செடிகள், எல்லாம் அழுகிவிட்டன. பரவாயில்லை. பொங்கல் முடிந்து மண் ஆறியதும் நாற்றுப் போடுவேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

2025 ஜனவரி 18, சனி

மகள் வீட்டிலிருந்து விரால் ஆணம் வந்தது. மருமகன் தானே வாங்கி, தானே கழுவி வெட்டிக் கொடுத்தாராம். நல்ல ருசி. கிண்ணத்தை விரலால் வழித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் பாத்தி கொத்தி எருப் போட்டு, விதை எடுக்கப் போனேன். பரணில் இரண்டு டின்தான் இருந்தன. பெரிய டின்னும் குருவி டின்னும் கிணற்றடியில். கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. வெயிலில் மினுங்குது.

ஐயோ, என்ட கொய்யகம்.

விரால் வழுக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் கைக்குள் நிற்கும். மருமகன் பரணில் சாம்பல் டின் கண்டிருக்கிறார். மேலே பார்த்தால் சாம்பல்தானே? பெரிய டின் முடிந்துபோக அடுத்ததையும் எடுத்துத் தேய்த்திருக்கிறார். நேற்று அந்த மீனைத்தான் நான் வழித்து வழித்துத் தின்றன். ருசி எண்டு சொல்லி வேற அனுப்பினன்.

ஏன் டின்னில பேர் எழுதல்ல? ஏன் நான் ஒரு டின்னையாவது இஞ்ச கொண்டுவந்து வைக்கல்ல? ஆருக்கும் தெரியும்தானே எண்டு இருந்தன். வந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

கத்தினேன். நிறையக் கத்திவிட்டேன். அவர் முருங்கை மரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஜனவரி 20, திங்கள்

பிரஷாந்தி வந்து கண்ணைக் கசக்குகிறாள். "அவங்கட வீட்டில அடுப்புக்கு மேல இருக்கிற சாம்பல் மீனுக்குத்தானாம் அம்மா. நேற்றிலிருந்து அவர் சாப்பிடல்ல. ஒரு தக்காளிக்காக இப்படிப் பேசலாமா?"

ஒரு தக்காளி!

அவள் போன பிறகு இவர் மெல்ல வாய் திறந்தார். "பொண்டாட்டிக்கு விரால் வழுக்கும் எண்டு தான் குந்தியிருந்து கழுவின பொடியன் அவன். நான் உனக்கு எப்பவாவது மீன் கழுவித் தந்தனானா?"

இல்லை. ஒரு நாளும் இல்லை. அதை ஒத்துக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

கிளினிக்கில் பிள்ளைகளின் நிறையைப் பிழையாக வாசித்தேன். றபீக்கா அட்டையைப் பிடுங்கி "என்னகா நடந்தது?" என்றாள். சொன்னேன்.

"மஞ்சள் இருக்குத்தானே கண்ணகை?"

"இருக்கு."

"அது ருசியில்ல எண்டுதானே அழுறாய்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு இத்தனை காலமும் தெரியும்! "அல்லாஹ்வே, உன்ட முகத்திலதான் எழுதியிருக்கே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்தப் புள்ள பாவம்கா. மகள் கர்ப்பமாகி நாளைக்கு உனக்கு முன்னாலதான் வந்து நிக்கப்போறான். இப்பவே பயந்தா எப்படி வாறது?"

பின்னேரம் ரொட்டி சுட்டு அனுப்பினேன். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. சாப்பிட்டிருக்கிறார்.

ஜனவரி 31, வெள்ளி

பிரஷாந்தி ஓடிவந்தாள். "அம்மா, அவர் உங்கள வரட்டாம். மீன் கழுவுற கல்லுக்குக் கிட்ட."

முருங்கைக்குக் கீழே, மீன் கழுவின தண்ணீர் ஊற்றுகிற இடத்தில், தக்காளி முளைத்திருக்கிறது! இரண்டு இலை, மூன்று இலை, தண்டில் மென்மையான மயிர். சாம்பலோடு போன விதைதான். கோழி கொத்தாமல் சுற்றிவர ஈர்க்குக் குத்தி வலை கட்டியிருக்கிறார். முளைத்து நாலைந்து நாளாகிறதாம். புல்லாக இருந்தால் மாமி இன்னொருதரம் மனம் உடைந்துபோவா என்று பார்த்துப் பார்த்து இருந்தாராம். பிரஷாந்தி சொன்னாள். அவர் வலையின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த டின்னில் இருந்து வந்தது? முளையில் தெரியாது. கொய்யகமாக இருக்கலாம். இருக்கும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பாத்தியில் நட்டோம். நான் குழி தோண்ட அவர் தண்ணீர் ஊற்றினார். பேச்சில்லை. இப்போது அந்த அமைதி எனக்குப் பழகிவிட்டது, கொஞ்சம் பிடித்தும் போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

பூ வந்துவிட்டது. நீளக் கொத்து, சின்னஞ்சிறு பூ. முன்னால் வந்த கொத்தில் மிளகளவு பிஞ்சு.

குருவி. எல்லாம் குருவி. கொய்யகத்தின் பூ தடித்திருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிப் பிறக்கும். ஒரு செடியிலும் இல்லை. பெரிய டின் சாம்பல் முதல் கழுவலோடு வாய்க்காலில் போயிருக்கும்.

அவரிடம் சொல்லவில்லை. குருவியும் என் பிள்ளைதானே என்று செடிகளுக்குத் தடி ஊன்றிக் கட்டினேன். ஆனால் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு விளங்கிவிட்டது. றபீக்கா சொன்னது சரி, என் முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும் போல.

மார்ச் 17, திங்கள்

மருமகன் தக்காளி வாங்கிக் குவிக்கிறார். சனிக்கிழமை மட்டக்களப்புச் சந்தை, நேற்று ஓட்டமாவடி. மடிப்பு இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டிருக்கிறார். கொண்டுவந்ததில் ஒன்றுக்கு இலேசாக ஒரு கோடு, அவ்வளவுதான். அது நசிந்த கோடு. குசினி நிறையத் தக்காளி. மூன்று நாளாகத் தக்காளி ஆணம், தக்காளிச் சம்பல், தக்காளிச் சொதி. "இப்படியே போனா எனக்கும் காய்க்கத் தொடங்கும்" என்கிறார் இவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. இந்தப் பிள்ளைமேல் நான் கத்தினேனே.

"இனித் தேடவேணாம் எண்டு சொல்லு" என்று பிரஷாந்தியிடம் சொன்னேன். சொன்னாளாம். கேட்கவில்லையாம்.

மார்ச் 30, ஞாயிறு

அவசரத்தில எழுதுறன், எழுத்து கோணலா வருது. பரவாயில்ல.

காலையிலேயே மருமகன் மோட்டார்சைக்கிளில் போய்விட்டார். எங்கே என்று பிரஷாந்திக்கும் தெரியாது. பின்னேரம் நான் குருவிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. பின்னால் சம்மந்தியம்மா. மடியில் ஒரு பனையோலைப் பெட்டி, அதை இரண்டு கையாலும் அணைத்தபடி. இறங்கக்கூட மறந்து இருந்தா.

அவர் பெட்டியை வாங்கினார். நேரே என்னிடம் வந்தார். பிரஷாந்தியைத் தேடவில்லை, தூணையும் தேடவில்லை.

"மாமி, இதுதானே?"

வைக்கோலுக்குள் கொய்யகம். மடிப்பு மடிப்பாக, சிவந்து, ஒன்றுகூட நசியாமல்.

ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓம் என்று தலையை ஆட்டினேன்.

தேடிக் களைத்து, ஓட்டமாவடிக்கும் அப்பால் போய், தாய் வீட்டில் தண்ணீர் குடிக்க இறங்கினாராம். இதுவரை தாயிடம் நடந்ததைச் சொல்லவில்லை. பெண் எடுத்த வீட்டில் பிழை விட்டேன் என்று சொல்ல வெட்கம். இன்று சொன்னாராம். தாய் எழும்பிப் பின்வளவுக்குக் கூட்டிப்போனாவாம்.

சம்மந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. "கேக்காம எடுத்துப்போட்டன் சம்மந்தி. கால்மாறி வந்த அண்டு கூடைய அவிழ்த்தா இந்தப் பழம். நான் இப்பிடிக் கண்டதே இல்ல. தின்ன மனம் வரல்ல, விதைய எடுத்து வெச்சன். மறுகா உங்கட வீட்டுக்கு வந்தா நீங்க தக்காளியப் பத்தியே கதைக்கிறீங்க. கேக்காம விதை எடுத்தத அறிஞ்சுதான் கேக்கிறீங்களோ எண்டு எனக்கு நெஞ்சு அடிச்சிது. அதான் மாமரத்தப் பாத்துக்கொண்டு இருந்தன்."

நான் அந்த மனுஷியைப் பற்றி இதே கொப்பியில் என்ன எழுதியிருக்கிறேன்!

கட்டிப்பிடித்து அழுதோம். இவர் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, "அண்டைக்கு நான் அந்தத் துணிய அவிழ்க்காட்டி இண்டைக்கு இது இருக்குமா?" என்றார். அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. அந்த மனுஷன் இனி ஒரு வருடத்துக்கு இதையே சொல்லப்போகிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொஞ்ச விதையை உடனேயே நாற்றுப் போட்டேன். காலம் பிந்தித்தான் விட்டது, வெயிலில் சிலது தப்பாது. மிச்சம் புது டின்னில். மருமகன் மகள் வீட்டுக் குசினியில் இரண்டு பலகை அடித்தார். ஒன்றில் மீன் சாம்பல், மற்றதில் விதை. டின்னில் தன் கச்சேரி எழுத்தில் பெயின்ற்றால் பெயர் எழுதியிருக்கிறார். "மாமி, எழுத்துப் பெருசாக் காணுமா?" வாசலில் நின்று பார்த்தாலும் தெரிகிறது.

இப்போதெல்லாம் கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்டுவதில்லை. நேற்று விரால் வெட்டுவது எப்படி என்று அரை மணித்தியாலம் எனக்கே படிப்பித்தார்.

ஜூன் 21, சனி

பிந்திப் போட்ட நாற்றில் தப்பியவை காய்த்துவிட்டன. வெயிலுக்குப் பழம் கொஞ்சம் சின்னது. நல்ல செடியில் ஒன்றைப் பார்த்து வழமைபோலத் துணி கட்டியிருந்தேன்.

நாளைக்குக் காத்தான்குடியில் றபீக்காவின் மகள் நிஸ்றாவுக்குக் கல்யாணம். இன்று பின்னேரம் கூடை கட்டினோம். வாழைப்பழம், முருங்கைக்காய், குருவி ஒரு கொத்து, முட்டைத் தக்காளி, அவள் தந்த மஞ்சளிலேயே கொஞ்சம். பிறகு நான் பாத்திக்குப் போய்த் துணியை அவிழ்த்தேன். இவர் கையில் இருந்த தேத்தண்ணியை மறந்துவிட்டுப் பார்த்தார்.

நிதுர்ஷன்தான் பதறி ஓடிவந்தார். "மாமி, மாமி, அது விதைப்பழம் தானே?"

"ஓம் மனே. அதான் அனுப்புறன்."

பழத்தை வைக்கோலில் பொதிந்து கூடையின் நடுவில் வைத்தேன். அவர் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார். மெல்லப் போங்க, தோல் மெல்லிசு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.